சமயவியல் கட்டுரைக்குச் சர்ச்சைக்குரிய ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். சிங்கப்பூரில் பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டு. சமயவியல் மாட்யூல் ஒன்று. ஒரே செமஸ்டரில், 3,000 சொல்லில், சர்ச்சைக்குரிய வரலாற்று மனிதர் ஒருவரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை கொடுக்க வேண்டும். யோசித்து வைத்திருக்கும் பெயர்கள் மூன்று: ஔரங்கசீப், பெரியார், திருஞானசம்பந்தர். இவர்களில் யாரை எடுப்பது, அம்மா பயப்படுவதுபோல் வம்பில் மாட்டிக்கொள்ளாமல் எழுத முடியுமா என்பது கேள்வி. போகிற போக்கில், தமிழும் ஆங்கிலமும் மட்டுமே படிக்க வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் பதிலில் பாதியை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது.

சர்ச்சை எவ்வளவு பெரியது என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் மாணவர்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடம். சர்ச்சை பெரிதாக இருந்தால் அதைப் பற்றி இன்றைக்கு எழுதப்பட்டவை மலைபோல் குவிந்திருக்கும். அந்தக் காலத்தில் எழுதப்பட்டவை கைப்பிடி அளவே இருக்கும், அதுவும் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கும். திருத்துபவர் உங்களிடம் எதிர்பார்ப்பது அந்த வரலாற்று மனிதர் நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பை அல்ல. யார் யாரோடு மோதினார்கள், எந்த நூலின் அல்லது எந்தக் குருமரபின் அதிகாரத்தை வைத்து மோதினார்கள், எதிராளி எப்படிப் பதில் சொன்னார் என்பதை மூல ஆவணத்திலிருந்து நீங்களே படித்துக் காட்ட வேண்டும். ஆகவே பெயரை உறுதி செய்யும் முன் ஒரு சோதனை வையுங்கள். அந்த மனிதரோ அவர் தரப்பினரோ எழுதியது ஒன்று, எதிர்த் தரப்பினர் எழுதியது ஒன்று, இரண்டும் சண்டை நடந்த காலத்தவை, இரண்டும் உங்களுக்குப் படிக்க வருபவை: இந்த இரண்டையும் ஒரு வாரத்துக்குள் கையில் எடுக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உங்கள் பட்டியலுக்கே இதைப் போட்டுப் பார்ப்போம். சம்பந்தர் என்றதும் நினைவுக்கு வருவது மதுரையில் 8,000 சமணர் கழுவேறிய கதை. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். கதையை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. நடுவில் ஏறக்குறைய 500 ஆண்டு இடைவெளி. சம்பந்தரின் பதிகங்களில் சமணரையும் பௌத்தரையும் சாடும் பாட்டு ஒன்று, பெரும்பாலும் பத்தாவதாக, வந்துகொண்டே இருக்கும். கழுவேற்றம் அங்கே இல்லை. அது சில நூற்றாண்டு கழித்து, நம்பியாண்டார் நம்பி காலத்தில்தான் பாட்டில் தலைகாட்டுகிறது. சமணர் தரப்பில் இதைச் சொல்லும் சமகால ஆவணம் கிடைக்கவில்லை. அதற்குப் பின் 9ஆம் நூற்றாண்டில் மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் சித்தன்னவாசல் குகைக்கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டிய நாட்டில் சமணம் அடியோடு துடைக்கப்படவில்லை என்பதற்கு அது சான்று. கழுவேற்றம் நடக்கவே இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, நடந்ததா நடக்கவில்லையா என்ற கேள்வியைக் கைவிட்டு, 12ஆம் நூற்றாண்டுச் சோழ நாட்டில் சேக்கிழாருக்கு இந்தக் கதை ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால் நல்ல கட்டுரை வரும். ஆனால் அப்போது உங்கள் ஆள் சேக்கிழார் ஆகிவிடுகிறார். செய்யுளைப் பதம் பிரித்துப் படிக்கும் பயிற்சியும் வேண்டும்.

ஔரங்கசீப்பை இந்தக் கட்டுரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 1669இல் காசி விசுவநாதர் கோயில் இடிக்கப்பட்டது, 1679இல் முஸ்லிம் அல்லாதார் மேலான ஜிஸியா வரி திரும்ப விதிக்கப்பட்டது, அதே அரசர் சில கோயில்களுக்கும் மடங்களுக்கும் மானியம் வழங்கிய ஆணைகளும் இருக்கின்றன. மூன்றும் ஆவணத்தில் உள்ளவை. இவற்றை ஒரே மனிதரின் கொள்கையாக எப்படி விளக்குவது என்பதில்தான் வரலாற்றாசிரியர்கள் பிரிகிறார்கள். அந்தப் பிரிவுக்குள் நீங்கள் நுழைய வேண்டுமென்றால் பாரசீகம் வேண்டும். அவர் இறந்து மூன்று ஆண்டுக்குப் பின், 1710இல் முடிக்கப்பட்ட மஆஸிர்-இ-ஆலம்கீரி என்ற அரசவை வரலாற்றை ஜதுநாத் சர்க்கார் 1947இல் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். அதை மட்டும் நம்பினால் ஒரு தரப்பின் குரலை, அதுவும் ஒரே மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்கிறீர்கள். இன்றைய இந்திய அரசியல் சூட்டில் எழுதப்பட்டவற்றைச் சலித்தெடுக்கவே ஆறு வாரம் ஓடிவிடும்.

பெரியார் நல்ல தேர்வு, ஆனால் முழுப் பெரியாரை எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு எழுதுபவருக்கு இங்கே தனி வாய்ப்பு ஒன்று உண்டு. அவர் 1929 கடைசியில் மலாயா, சிங்கப்பூர்ப் பயணம் வந்தார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. 1935 ஜூலையில் தமிழ் முரசு வெளிவந்தது. இவற்றின் மையத்தில் இருந்தவர் கோ. சாரங்கபாணி. தீமிதி, அலகுக் காவடி போன்ற நேர்ச்சைகள் சமயமா, மூடப்பழக்கமா என்று சீர்திருத்தக்காரர்களுக்கும் கோயில் பக்தர்களுக்கும் நடந்த வாக்குவாதம் சமயவியலுக்கு அச்சாகப் பொருந்தும் பொருள். சமயம் என்பதன் எல்லையை யார் வரைவது என்பதே அங்கே சண்டை. ஆவணமும் இங்கேயே இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசையும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸையும் பார்க்கலாம். தமிழ் இதழுக்குத் தேடுசொல்லை மட்டும் நம்பி உட்காராதீர்கள். தைப்பூசம், தீமிதி வரும் மாதங்களைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஆங்கில இதழ்களில் ஊர்ப்பெயரும் விழாப்பெயரும் பல எழுத்துக்கூட்டலில் வரும். தென்னிந்தியரைக் 'கிளிங்' என்று குறிப்பிட்ட காலம் அது. கேட்கக் கசப்பான சொல்தான், அதையும் போட்டுத் தேடாவிட்டால் பாதிச் செய்தி தவறிப்போகும்.

இருந்தாலும் உங்கள் இடத்தில் ஒருவருக்கு நான் முதலில் சொல்வது நான்காவதாக ஒரு பெயர்: இராமலிங்க அடிகள், அதாவது வள்ளலார். குறிப்பாக, அவருக்கும் யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலருக்கும் இடையே எழுந்த அருட்பா மருட்பாப் போர், அதாவது வள்ளலார் பாடல்கள் அருளால் வந்தவையா, மயக்கத்தால் வந்தவையா என்ற சண்டை. நாவலர் பிறந்தது 1822, வள்ளலார் 1823. இருவரும் சைவர். இருவர் தரப்பும் தமிழில் அச்சிட்டது, இருவர் தரப்பு எழுத்தும் கிடைக்கிறது. வள்ளலாரை இன்று எல்லோரும் கும்பிடுகிறார்களே, அவர் எப்படிச் சர்ச்சைக்குரியவர் என்று வகுப்பில் யாராவது கேட்டால், அந்தக் கேள்வியே உங்கள் முன்னுரைக்கு உதவும். ஒரு காலத்தில் நீதிமன்றம் வரை போன சண்டை எப்படி மறைந்துபோனது என்று தொடங்கலாம்.

இதில் உறுதியானவை இவை. 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் இராமலிங்கரின் பாடல்களில் முதல் நான்கு பகுதிகளைத் 'திருவருட்பா' என்ற பெயரில், 'திருமுறை' என்று வகுத்து, பாடியவருக்குத் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்ற பெயரும் இட்டு வெளியிட்டார். சைவர்களுக்குத் திருமுறை என்றால் புனிதமாகத் தொகுக்கப்பட்ட பன்னிரண்டு நூல்கள் மட்டும். அருட்பா என்றால் தேவாரமும் திருவாசகமும் போன்றவை. உயிரோடிருக்கும் ஒருவரின் பாட்டுக்கு அந்தப் பெயர்களைக் கொடுத்ததுதான் நெருப்பு. நாவலர் தரப்பிலிருந்து 'போலியருட்பா மறுப்பு' வந்தது. 1869இல் நாவலர் தொடுத்த அவதூறு வழக்கு கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நடந்தது. இராமலிங்கர் மேலான குற்றச்சாட்டு நிற்கவில்லை. இருவரும் 1870களில் மறைந்த பின்னும் சண்டை ஓயவில்லை. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நாவலர் பக்கம் நின்று வாதாடியவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை, வள்ளலார் பக்கம் நின்றவர்களில் ஒருவர் நாஞ்சில் நாட்டு முஸ்லிம் புலவர் செய்குத்தம்பிப் பாவலர். ஒரு சைவ நூலுக்காக இன்னொரு சைவருக்கு எதிராக இஸ்லாமியர் ஒருவர் வக்காலத்து வாங்கியது ஏன் என்பதே தனிக் கட்டுரை பெறும்.

உறுதியில்லாதவை எவை என்றால், பெரும்பாலும் மக்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவை. வள்ளலார் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும், வழக்குப் போட்ட நாவலரும் உட்பட, தம்மையறியாமல் எழுந்து நின்றார்கள். அதைப் பார்த்தே நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார் என்பது நீங்கள் கேட்டிருக்கக்கூடிய கதை. பிற்கால வரலாறுகளில் பளபளப்பாக வரும். நாவலர் வரலாறுகளைப் படித்தால் வேறு வழக்கு நடந்ததுபோல் இருக்கும். கட்டுரையில் அந்தக் கதையைத் தாராளமாகச் சேர்க்கலாம், 1869இல் நடந்ததாக அல்ல. பிற்காலத்து அடியார்கள் அந்த வழக்கை எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்குச் சான்றாக.

ஒரே ஒரு இடத்தை மட்டும் நெருங்கிப் பார்த்தால் வேலை எப்படி என்று விளங்கும். 1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை இரவு, மேட்டுக்குப்பம் சித்திவளாகத் திருமாளிகையில் ஓர் அறைக்குள் போன வள்ளலாரை அதன் பின் யாரும் பார்க்கவில்லை. அந்த அறை பிறகு என்ன ஆயிற்று? 1882இல் வேலாயுத முதலியார் தியசாபிகல் சொசைட்டி என்னும் பிரம்மஞான சபையினருக்குக் கொடுத்த வாக்குமூலத்தில், ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது என்கிறார். 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெஸட்டியர் என்ற அரசு விவர நூல், அறை இன்னும் பூட்டியே கிடக்கிறது என்கிறது. வள்ளலார் வழிவந்த சன்மார்க்க மரபில் சொல்லப்படுவதோ, அதே 1874இல் அரசு அதிகாரிகள் வந்து திறந்து பார்த்து, ஒன்றும் இல்லாமல் திரும்பினார்கள் என்பது. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாது. இங்கே துப்பறியும் வேலையில் இறங்கினால் கட்டுரை கெட்டது. ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: சொன்னவர் யார், சம்பவத்துக்கு எத்தனை ஆண்டுக்குப் பின், யாருக்காகச் சொன்னார், யார் அச்சிட்டார். வேலாயுத முதலியார் சீடர், எட்டு ஆண்டுக்குப் பின், இந்திய ஞானிகளைத் தேடிக்கொண்டிருந்த ஒரு சங்கத்தாரிடம் பேசுகிறார். கெஸட்டியர் 32 ஆண்டுக்குப் பின் ஓர் ஆங்கில அதிகாரி, வருவாய்த் துறையும் நீதித் துறையும் படிக்க எழுதியது. இந்த நான்கு வரி அட்டையே கட்டுரையில் அரைப் பக்கம் ஆகும், அந்த அரைப் பக்கத்துக்குத்தான் மதிப்பெண்.

இந்தத் தலைப்பில் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு காலத்தைக் கலப்பது. 'சாதியும் மதமும் சமயமும் பொய்' என்ற தொனியில் வள்ளலார் பாடியவை நாவலரைக் கோபப்படுத்தின என்று எழுதிவிடுவார்கள். அப்படிப்பட்ட பாடல்கள் இருப்பது திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில். அது அச்சேறியது 1885இல், வள்ளலார் மறைந்து பதினொரு ஆண்டுக்கும், நாவலர் இறந்து ஆறு ஆண்டுக்கும் பின். அருட்பெருஞ்ஜோதி அகவல் இயற்றப்பட்டதே 1872 ஏப்ரலில். 1869 வழக்குக்கு அதைக் காரணமாகக் காட்ட முடியாது. அந்த ஆண்டில் அச்சில் இருந்தவை பெரும்பாலும் சிவனையும் முருகனையும் பாடும், எந்தச் சைவரும் முகம் சுளிக்காத பாட்டுகள். ஆகவே சண்டை பாட்டின் கருத்தைப் பற்றியதா, அதற்கு வைத்த பெயரைப் பற்றியதா என்று கேட்கலாம். உங்கள் கட்டுரைக்கு அதைவிடக் கூர்மையான கேள்வி எனக்குத் தோன்றவில்லை. நாவலரை வெறும் பழமைவாதியாகக் காட்டுவதும் நியாயமில்லை. பார்சிவல் பாதிரியாருடன் பைபிளைத் தமிழாக்கியவர், அச்சகமும் பள்ளியும் நடத்தியவர், பழைய நூல்களைப் பதிப்பித்தவர். அச்சில் எது 'திருமுறை' என்று நிற்கும் என்பதன் கனம் அவருக்குத் தெரியும். அவருடைய சாதிப் பார்வையை இன்றைய வாசகர்கள் கடுமையாக விமர்சிக்கிறார்கள். அதற்கு அவர் எழுத்திலேயே இடம் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுங்கள், வழக்கின் ஒரே காரணமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

கிறிஸ்தவப் பக்கம் ஈர்ப்பு இருந்தால் ராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரை வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி. காவியுடை, சைவ உணவு, குடுமியும் பூணூலும் என்று சந்நியாசியாக வாழ்ந்து, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றவர். அவருக்கு முன்பிருந்தே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சக இயேசு சபையார் 1610இல் அவர்மேல் புகார் எழுதினார். விவகாரம் கோவா வழியாக ரோமுக்குப் போய், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி போன்றவற்றைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். இதில் ஒரு பொறி இருக்கிறது. சண்டையின் இரு தரப்பும் கத்தோலிக்கர். மதுரைப் பிராமணர்கள் இவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது பாதிரியார்களின் கடிதங்கள் வழியாகத்தான் நமக்கு வருகிறது. 'இந்து–கிறிஸ்தவ மோதல்' என்று தலைப்பு வைத்தால் ஒரு தரப்பு ஆவணமே இல்லாமல் தவிப்பீர்கள். 'எது சமயம், எது சமூக வழக்கம் என்று கத்தோலிக்கர்களுக்குள் நடந்த வாதம்' என்று வைத்தால் ஆவணம் தாராளம், ஆங்கில மொழிபெயர்ப்பும் கணிசமாக உண்டு. தமிழில் ஞானோபதேசம், தூஷண திக்காரம் முதலியவற்றை இயேசு சபைக் குரு ச. இராசமாணிக்கம் பதிப்பித்திருக்கிறார். எசூர்வேதம் என்ற போலி வேதத்தை நொபிலி எழுதினார் என்று பழைய நூல்களில் பார்த்தால் நம்பிவிடாதீர்கள். அந்தப் பழி பொருந்தாது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

தமிழே வேண்டாம், சிங்கப்பூர் வேண்டும் என்றால் தம்மலோக என்ற ஐரிஷ் பிக்குவைப் பாருங்கள். பர்மாவில் துறவு ஏற்று, 1901இல் ஷ்வேடகோன் பகோடாவில் காலணியோடு நுழைந்த போலீஸ்காரரை எதிர்த்து நின்று பெயர் வாங்கினார். பிறகு சிங்கப்பூர் வந்து ஹேவ்லாக் ரோட்டில் பௌத்தப் பள்ளி நடத்தினார். மிஷனரிகளை வாட்டியெடுத்தார், 1910–11 வாக்கில் ராஜத்துரோகப் பேச்சுக்காக வழக்கில் சிக்கினார். ஆவணங்களில் பெரும்பகுதி ஆங்கிலச் செய்தித்தாள்கள்தான். அவருடைய இயற்பெயரே இன்னும் உறுதியாகவில்லை என்பதும் கட்டுரைக்குச் சுவை. ஐரோப்பா என்றால் 1553இல் ஜெனீவாவில் திரித்துவக் கொள்கையை மறுத்த செர்வேட்டஸ் எரிக்கப்பட்டதும், அதில் சீர்திருத்தச் சபைத் தலைவர் கால்வினின் பங்கும். எல்லாம் ஆங்கிலத்தில் கிடைக்கும், பாதுகாப்பான தேர்வு; ஆனால் உங்களுக்கு முன் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள்.

ஆள் முடிவானதும் ஒரு சம்பவம், ஒரு பத்தாண்டு என்று குறுக்குங்கள். 'வள்ளலாரின் வாழ்வும் சிந்தனையும்' என்ற தலைப்பு 3,000 சொல்லில் விக்கிப்பீடியாக் கட்டுரையாக முடியும். '1867 பதிப்புக்குத் திருமுறை என்று பெயரிட்டதை நாவலர் தரப்பு எந்தக் காரணங்களைச் சொல்லி மறுத்தது?' என்றால் அதே 3,000 சொல் பற்றாது. பங்கீடு ஏறக்குறைய இப்படி: கேள்வியும் அது ஏன் முக்கியம் என்பதும் 300 சொல், பின்னணி 500, இரு தரப்பு ஆவணங்களையும் எதிரெதிரே வைத்துப் படிப்பது 1,400, பிற்காலத்தார் இதை எப்படி நினைவில் வைத்தார்கள் என்பது 500, எஞ்சியது முடிவுக்கும் உங்கள் சான்றுகளின் குறைக்கும். பெரும்பாலோர் பின்னணிக்கே 1,500 சொல்லைச் செலவழித்துவிட்டு, ஆவணத்துக்கு வரும்போது மூச்சு வாங்குவார்கள். பிறந்த ஊர், பெற்றோர், இளமை அற்புதங்கள் எதுவும் வேண்டாம், உங்கள் கேள்வியைத் தொடாத வரை.

வாரக் கணக்கில் சொன்னால், மூன்றாம் வாரம் முடியும் முன் இரண்டு மூல ஆவணங்களும் கோப்பாகவோ நகலாகவோ கையில் இருக்க வேண்டும். இடைவேளை வாரத்துக்குள் அட்டைகள் முடிய வேண்டும், பத்தாம் வாரத்தில் முதல் வரைவு. திருவருட்பா மூலம் மதுரைத் திட்டத்தில் இலவசமாக உண்டு, ஆனால் எந்தத் திருமுறை எந்த ஆண்டு அச்சானது என்பதைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். நாவலர் தொடர்பானவற்றுக்கு இலங்கைத் தமிழ் நூல்களைத் தொகுக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளம், பழைய அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், கண்டன நூல்களின் தொகுப்புகளுக்கு விக்டோரியா ஸ்ட்ரீட்டில் லீ கோங் சியான் மேற்கோள் நூலகம். மேற்கோள் பிரிவு நூல்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க இரண்டு முழு நாளாவது ஒதுக்குங்கள். 19ஆம் நூற்றாண்டுக் கண்டன நூல்களின் நடை முதலில் மிரட்டும்: வாக்கியம் ஒரு பக்கம் நீளும், வசை தாராளமாக இருக்கும், இலக்கணப் பிழை பிடித்தே எதிராளியை மடக்கப் பார்ப்பார்கள். அந்தப் பிழை பிடிப்பதைத் தாண்டிப் போகாதீர்கள். தமிழ்ப் புலமை இல்லாதவன் பாடியது அருளால் வந்ததாக இருக்காது என்பதுதான் அங்கே சமய வாதமே.

ஆண்டுகளில் கவனம். பழைய நூல்களில் தமிழ் ஆண்டுப் பெயர்தான் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும், ஆண்டு சித்திரையில் தொடங்கும். ஸ்ரீமுக ஆண்டு தை மாதம் 19 என்றால் 1874 ஜனவரி 30. ஸ்ரீமுகம் 1873 என்று மட்டும் குறித்துக்கொண்டவர் தை மாதத்தையும் 1873இல் போட்டுவிடுவார். மார்கழிக் கடைசி முதல் பங்குனி வரை எப்போதும் ஒன்றைக் கூட்டுங்கள்.

இனி வம்பு. சிங்கப்பூரில் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் இயற்றப்பட்டது, 2019இல் திருத்தப்பட்டது. சமயங்களுக்கிடையே பகையையும் வெறுப்பையும் மூட்டுவதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆவணத்தை அடிப்படையாகக் கொண்டு வகுப்புக்குக் கொடுக்கும் கட்டுரைக்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கட்டுரையில் மேற்கோளாக வரும் 150 ஆண்டுப் பழைய வசையை வெட்டி, சூழல் எதுவும் இல்லாமல் சமூக ஊடகத்தில் போடுவது வேறு காரியம். அதைச் செய்யாதீர்கள். கட்டுரைக்குள்ளேயும் வசையை எடுத்தாள்வதற்கு ஒரு அளவு உண்டு: வாதத்துக்குத் தேவையான அளவு, சொன்னவர் பெயரோடு. 'மூடநம்பிக்கை', 'மதவெறி' போன்ற சொற்கள் உங்கள் சொந்தக் குரலில் வரக் கூடாது. அந்தக் காலத்து ஒருவர் சொன்னதாகத்தான் வரலாம். இங்குள்ள சன்மார்க்க அன்பர்களையோ கோயில் நிர்வாகத்தினரையோ பேட்டி எடுக்க ஆசை வந்தால், முதலில் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை ஒப்புதல் விதிகளை விரிவுரையாளரிடம் கேளுங்கள். ஒப்புதல் வரவே சில வாரம் பிடிக்கலாம் என்பதால், ஒரு செமஸ்டர் கட்டுரைக்குப் பேட்டி இல்லாமல் செய்வதே எளிது. நீங்கள் பக்தரா இல்லையா என்பதை முன்னுரையில் ஒரு வரியில் சொல்லலாம், கட்டாயமில்லை. சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் பழக்கம் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சைவ, கிறிஸ்தவ அச்சு ஆவணங்களோடு. பாரசீகம் எனக்கு வராது. ஔரங்கசீப் பற்றிச் சொன்னது மொழிபெயர்ப்புகளைப் படித்த அளவில்தான், அவரையே எடுக்க வேண்டும் என்று மனம் சொன்னால் முகலாய வரலாறு படித்தவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். உங்கள் விரிவுரையாளர் 'வரலாற்று மனிதர்' என்பதற்கு எந்தக் காலம் வரை என்று எல்லை வைத்திருக்கிறாரோ தெரியாது. சாரங்கபாணி 1974 வரை வாழ்ந்தவர் என்பதால் அவரை எடுப்பதானால் இதை முன்பே கேட்க வேண்டியிருக்கும். மின்னஞ்சல் அனுப்பும்போது பெயரை மட்டும் எழுதி 'சரியா' என்று கேட்காதீர்கள். கேள்வி ஒரு வரி, இரு தரப்பு ஆவணங்களின் பெயரும் ஆண்டும் ஒரு வரி, அவை எங்கே கிடைத்தன என்பது ஒரு வரி என்று அனுப்பினால், மறுப்பதானாலும் எந்த வரியில் குறை என்று அவரால் சொல்ல முடியும்.